வீட்டுப் பாத்தி

நல்லூர்ப் பக்கம் புதிதாய்த் திறந்த கடையில்
கத்தரிக்காய்க்கென்று ஒரு மூங்கில் கூடை,
கூடைக்குச் சணல் கயிறு, கயிற்றில் ஓர் அட்டை:
இயற்கை. கிலோ எழுநூற்றைம்பது.
ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்.
ஆரோ வீட்டுக் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோல
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

சம்பளம் முப்பத்தெட்டாயிரம்.
வாடகை, கறண்ட், ஓட்டோ, மகளின் களிம்பு
எல்லாம் கழித்து மிஞ்சுவதற்குத்தான்
எங்கள் வீட்டில் மரக்கறி என்று பெயர்.

அவள் முழங்கை மடிப்பில் பூக்கிற சிவப்பைப் பார்த்து
டொக்டர் சொன்னார்:
"மருந்து அடிக்காததாப் பாத்து வாங்குங்கோ."
சொல்லிவிட்டு மருந்து எழுதினார்.
புழுவுக்குத் தெளிப்பதும் மருந்து,
பிள்ளைக்குப் பூசுவதும் மருந்து.
இரண்டுக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
இவ்வளவு காலம் எப்படிச் சமாளித்தோமோ.

மருதனார்மடம் சந்தை, பகல் பன்னிரண்டரை,
சாக்கு மடிக்கிற நேரம்.
நான் தேடுவது ஓட்டையை.
பூச்சி அரித்த முளைக்கீரை,
வளைந்துபோன பயித்தங்காய்,
சூத்தைக் கத்தரிக்காய்.
மற்றவர்கள் தள்ளிவிட்ட பக்கமாக
என் கை தானாகப் போகும்.
எனக்கு முன்னமே புழு ருசி பார்த்திருக்கிறது,
பார்த்த பிறகும் உயிரோடு நெளிகிறது,
இதைவிட என்ன சான்றிதழ்?
கிலோ நூற்றிருபது, வாய் பேசினால் நூறு.
அரைவாசியை வெட்டி எறிந்தாலும்
இருநூறுக்குள் முடிந்தது காரியம்.

"ஆட்டுக்கோ தங்கச்சி?" என்றாள் ஜெசிந்தா அக்கா.
"ஓம், ஆட்டுக்கு."
என்னிடம் ஆடு இல்லை. அது அவளுக்கும் தெரியும்.
இன்னும் இரண்டு காயை நிறுவைக்கு வெளியே போட்டுவிட்டு
குரலைத் தாழ்த்தினாள்:
"சூத்தை எண்டா அடிக்கேல்லை எண்டில்லை.
பிந்தி அடிச்சிருப்பினம்."

அன்று முழுக்க
போட்டோக்கொப்பி இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம்
அந்தப் "பிந்தி" கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைக்கு இணுவில் நவரட்ணத்தார்
உர மானியப் படிவத்தோடு வருவார்.
எழுதிக் கொடுப்பது நான்தான்.
காணி: பதினொரு பரப்பு.
பயிர்: கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு.
தேவை: யூரியா, இரண்டு மூடை.
கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்,
"கிணத்தடியில ரெண்டு பாத்தி கிடக்கு.
அதுக்கு ஒண்டும் காட்டிறேல்லை. அது வீட்டுக்கு."

பேனை நின்றது.
"அதில கொஞ்சம், விலைக்கு..."
"விக்கிறதுக்கில்லை, பிள்ளை."
கோபம் இல்லை குரலில்.
வெட்கமாக இருக்கலாம்,
முகத்தை வீதிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வெள்ளி
படிவக் கூலி ஐம்பது ரூபாவை அவர் தரவில்லை.
மேசையில் ஒரு பையை வைத்துவிட்டுச்
சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
பழைய உரப் பை. உள்ளே
ஆறு கத்தரிக்காய், ஒரு பிடி பொன்னாங்காணி,
காம்போடு பச்சை மிளகாய்.
முதலாளியின் லாச்சியில் என் காசு ஐம்பதைப் போட்டேன்.
என் வாழ்க்கையிலேயே மலிவான கொள்வனவு.

இரவு வெட்டும்போது
மூன்றாவது காயில் புழு இருந்தது. நிம்மதியாக இருந்தது.
பிறகு அந்த இரண்டு மூடை ஞாபகம் வந்தது.
மற்ற பரப்பெல்லாம் சந்தைக்குத்தான் வரும்.
ஜெசிந்தா அக்காவின் சாக்கில் விரிந்து கிடக்கும்,
என்னைப்போல ஒருத்தி குனிந்து ஓட்டை தேடுவாள்.
யூரியா என்ற சொல் என் கையெழுத்தில் போயிருக்கிறது,
பிழையில்லாமல், வடிவான எழுத்தில்.
திங்கட்கிழமை இன்னும் ஏழு பேர் வருவார்கள்.
உங்களுக்கும் கிணத்தடியில் பாத்தி உண்டோ என்று
கேட்கலாம். எந்த முகத்தோடு கேட்பது?

மகள் பொரித்த கத்தரிக்காயைக் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு
வெறும் சோற்றைத் தின்றாள்.
அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது.
காம்பு வரைக்கும் நானே தின்றேன்.